பழைய அரபுக் கிதாபு கையில் கிடைத்தால்: தாளையும் மையையும் அறிந்து காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பரணிலோ பள்ளிவாசல் அலமாரியிலோ பாட்டனார் விட்டுப்போன டிரங்குப் பெட்டியிலோ கையால் எழுதிய ஒரு பழைய கிதாபு இருக்கிறது என்று வையுங்கள். அரபாக இருக்கலாம், பாரசீகமாக இருக்கலாம், காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் என்றால் அரபுத்தமிழாகவும் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) இருக்கலாம். அதைப் பார்த்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை ஈரத் துணியால் துடைப்பது, அப்புறம் மொட்டை மாடியில் வெயில் காட்டுவது, கடைசியாகக் கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவது. மூன்றும் அன்பால் செய்வதுதான், ஆனால் பூச்சி ஐம்பது வருடத்தில் செய்யும் சேதத்தை இந்த மூன்றும் ஒரே மதியத்தில் செய்துவிடும்.

ஏன் என்பதற்கான பதில் அந்தத் தாளும் மையும் எப்படிச் செய்யப்பட்டன என்பதில் இருக்கிறது. வரலாற்றைத் தனியாகச் சொல்லிவிட்டு பாதுகாப்பைத் தனியாகச் சொன்னால் இரண்டுமே மண்டையில் நிற்காது, அதனால் ஒவ்வொரு படியிலும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: எதையும் செய்யாதீர்கள், படம் எடுங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர விடுங்கள். கையுறை வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் உணர்வு தெரியாது, உடைந்த ஓரம் நூலில் மாட்டிக் கிழியும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கிதாபை வையுங்கள். மூடிய நிலையில் ஆறு பக்கமும், பிறகு முதல் தாள், நடுத் தாள், கடைசித் தாள் என்று போனிலேயே படம் எடுங்கள். உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டு, முடி, காய்ந்த இலை, நூல் எதையும் எறியாதீர்கள், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து உறையில் போடுங்கள். தாள்களின் நடு மடிப்பில் மணல் துகள் மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், ஈர மையை உலர்த்த எழுத்தாளர் தூவிய மணலாகவே அது இருக்கலாம்.

படி 2: உங்கள் கையில் இருப்பது என்ன தாள்?

751இல் தலாஸ் ஆற்றங்கரையில் நடந்த போரில் பிடிபட்ட சீனக் கைதிகள்தான் சமர்கந்துக்காரர்களுக்குக் காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 11ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் அஸ்ஸஆலிபி வழியாக வந்த கதை அது. நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்றைய தஜிகிஸ்தானில் முக் மலைக் கோட்டையில் கிடைத்த, சமர்கந்துப் பக்கத்துப் பழைய மொழியான சோக்டியத்தில் எழுதிய ஆவணங்கள், அந்தப் போருக்கு முன்பே அந்தப் பக்கத்தில் காகிதம் புழங்கியதைக் காட்டுகின்றன. பட்டுப் பாதை வணிகர்களும் பௌத்தத் துறவிகளும் அதைக் கொண்டுவந்திருப்பார்கள் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது.

8ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஹாரூன் அர்ரஷீத் காலத்தில், காகிதம் பக்தாத் அரசு அலுவலகங்களுக்குள் நுழைந்தது. அதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: தோலில் எழுதினால் சுரண்டிவிட்டு மாற்றி எழுதலாம், பாப்பிரஸ் என்ற எகிப்து நாணல் தாளில் எழுதினால் கழுவிவிடலாம், காகிதத்தில் கை வைத்தால் தடம் காட்டிக்கொடுத்துவிடும். கொஞ்ச காலத்தில் பக்தாதில் வர்ராக்குகளின் கடைத்தெருவே உருவாயிற்று. வர்ராக் என்றால் காகிதமும் விற்பார், புத்தகமும் படியெடுத்துத் தருவார். 10ஆம் நூற்றாண்டில் தன் காலத்து அரபு நூல்களையெல்லாம் பட்டியல் போட்ட இப்னு அந்நதீமும் அந்தத் தொழில்காரர்தான், அவர் காகித வகைகளையே பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். நாம் சொல்லும் ‘காகிதம்’ பாரசீக ‘காகஸ்’ வழியாக வந்த சொல், கடையில் ‘ஒரு ரீம் கொடுங்க’ என்கிறோமே, அந்த ரீம் கட்டைக் குறிக்கும் ‘ரிஸ்மா’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது.

இந்த அரபுத் தாளைச் சீனத் தாளிலிருந்து பிரிப்பது மூலப்பொருள். சீனாவில் மரப்பட்டை நார், இங்கே பழைய லினன் துணிக் கந்தலும் ஹெம்ப் (கஞ்சாச் செடி நார்) கயிறும். ஐரோப்பியர்கள் வெகுகாலம் இதைப் பருத்தித் தாள் என்றே நம்பினார்கள். எகிப்தின் ஃபய்யூமில் கிடைத்து வியன்னாவுக்குப் போன பழைய தாள்களைத் தாவரவியலாளர் வீஸ்னர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், அரபு அறிஞர் கராபாசெக் அரபு நூல்களைப் புரட்டிப் பார்த்தார், 1887இல் இருவரும் அது பருத்தி இல்லை, லினன் கந்தல் என்று நிறுவினார்கள்.

செய்முறையை 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட அல்முயிஸ் இப்னு பாதீஸின் பெயரில் வழங்கும் நூல் விரிவாகச் சொல்கிறது. ஹெம்ப் நாரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி சுண்ணாம்பில் போட்டு, வெளுக்கும்வரை நாள்கணக்கில் இதையே செய்ய வேண்டும். பிறகு கத்தரித்து, நல்ல தண்ணீரை நாள்தோறும் மாற்றி மாற்றி ஊறவைத்து, உரலில் இடித்துப் பட்டுப் போல மெதுவாக்கி, புல்லால் பின்னிய பாய் மாதிரியான அச்சில் ஊற்றி, நீர் வடிந்ததும் சுவரில் ஒட்டிக் காயவிட வேண்டும். கடைசியில் வருவதுதான் நமக்கு முக்கியம்: தாளின் இரண்டு பக்கமும் மாவுக் கஞ்சி பூசி, உலர்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகு ஏற்றுவது. கஞ்சி போட்டு இஸ்திரி வைத்த வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாணல் எழுதுகோல் அதன்மேல் தடையில்லாமல் வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. உஸ்மானியத் துருக்கியில் இன்னும் ஒரு படி மேலே போய், முட்டை வெள்ளைக்கருவும் படிகாரமும் சேர்த்த ‘ஆஹார்’ பூச்சைப் பூசி, மெருகேற்றி, ஒரு வருடமாவது கிடப்பில் வைத்துத்தான் எழுதுவார்கள்.

கஞ்சிப் பூச்சு என்பதால் பூச்சிக்கு அது சோறு. மெருகு என்பதால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பளபளப்பு போய் அந்த இடம் சொரசொரப்பாகிவிடும். ஐரோப்பியத் தாளைப் பாதுகாக்கிறவர்கள் தாளைத் தண்ணீரில் அலசி அமிலத்தை எடுப்பார்கள், இந்தத் தாளுக்கு அதே முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் எழுத்தாளர் ஆசைப்பட்டு உருவாக்கிய மேற்பரப்பே கரைந்து போய்விடும்.

சரி, உங்கள் தாளை இப்போது பாருங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசை மட்டத்தில் பிடியுங்கள். மெருகுக்கல் ஓடிய கோடுகள் பட்டை பட்டையாக மின்னும். எழுத்து வரிசைக்கு அடியில் மை இல்லாத பள்ளக் கோடுகளும் தெரியலாம். அட்டையில் வரிக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டிய ‘மிஸ்தரா’ என்ற பலகையைத் தாளுக்கு அடியில் வைத்து விரலால் அழுத்தி எடுத்த கோடுகள் அவை. நூலின் முறுக்குகூடச் சில தாள்களில் பதிந்திருக்கும். முதல் தடவை அதைக் கண்டபோது ஒரு பக்கம் முழுக்கப் படிப்பதை விட்டுவிட்டு அந்தப் பள்ளங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த மனிதருடைய விரல் போன பாதை அது.

அடுத்து, தளர்ந்து தனியாக வந்த தாள் இருந்தால் அதற்குப் பின்னால் மெல்லிய எல்இடி பலகையை வைத்துப் பாருங்கள். புல் பாயின் கோடுகள் வளைந்து நெளிந்து, நார் திட்டுத் திட்டாக, நீர்க்குறி (வெளிச்சத்தில் மட்டும் தெரியும், தாளுக்குள் பதித்த சின்னம்) எதுவும் இல்லாமல் இருந்தால் அது கீழைத் தாள். கோடுகள் அளவெடுத்த மாதிரி நேராக, நடுவில் ஒரு சின்னமும் தெரிந்தால் ஐரோப்பியத் தாள். பயப்பட வேண்டாம், அதனால் உங்கள் கிதாபின் மதிப்பு குறையாது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ காகிதத்தில் கொடிகட்டிப் பறக்கத் தொடங்கியதும் அரபு நாடுகளே அதை வாங்க ஆரம்பித்துவிட்டன. அந்தத் தாள்களில் சிலுவை நீர்க்குறிகூட இருந்தது, அதில் குர்ஆன் எழுதலாமா என்று கேள்வி எழுந்து, 1409இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள திலிம்சானின் அறிஞர் இப்னு மர்சூக் எழுதலாம் என்று விரிவாகவே தீர்ப்பு எழுதினார். மூன்று பிறைச் சின்னம் தெரிந்தால் வெனிஸ் பக்கத்திலிருந்து உஸ்மானியச் சந்தைக்கென்றே ஏற்றுமதியான வகை. 1794க்குப் பிந்தைய ஆங்கிலத் தாள்களில் ஆண்டையே நீர்க்குறியாகப் போடும் வழக்கமும் உண்டு, தாளில் 1820 என்று இருந்தால் எழுத்து அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. தாள் செய்த காலத்துக்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

படி 3: இரண்டு மைகளையும் நீங்களே செய்து பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், மையைப் பற்றி நூறு பக்கம் படித்தாலும் கிடைக்காத அறிவு கிடைக்கும்.

அரபில் மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘மிதாத்’ என்பது கரி மை, ‘ஹிப்ர்’ என்பது இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த மை. பிற்காலத்தில் இரண்டு சொல்லும் கலந்து போயின, ஆனால் பொருள்கள் வேறு வேறு.

கரி மைக்கு: நல்லெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துப் புகைக்கரி எடுங்கள், குழந்தைக்கு மை கூட்டுகிற மாதிரிதான். கருவேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் கரியைப் போட்டு அம்மியிலோ கல்வத்திலோ அரையுங்கள். எவ்வளவு நேரம் அரைக்கிறீர்களோ அவ்வளவு நல்ல மை. இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளிவாசலில் விளக்குகளின் புகை ஓர் அறையில் சேரும்படி காற்றோட்டத்தை அமைத்து, அந்தக் கரியையே மைக்கு எடுத்தார்கள்.

இரும்பு மைக்கு: நாட்டு மருந்துக் கடைக்குப் போய் மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) கேளுங்கள். பிள்ளைக்கு உரைமருந்தில் உரசிக் கொடுக்கிறோமே, அதே மாசிக்காய்தான். அது காய் அல்ல, ஓக் வகை மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் மரம் வளர்த்துக்கொள்ளும் உருண்டை. மை செய்கிறவர்கள் சிரியாவின் அலெப்போ மாசிக்காயைத்தான் முதல் தரம் என்பார்கள். மூன்று பங்கு மாசிக்காயை இடித்துத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டி, ஒரு பங்கு அன்னபேதி, ஒரு பங்கு பிசின் சேருங்கள். செம்புப் பாத்திரம் வேண்டாம், கண்ணாடிக் குடுவை நல்லது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இப்போது இரண்டாலும் ஒரே தாளில் எழுதுங்கள். கரி மை எழுதிய நொடியிலேயே கறுப்பு, காய்ந்த பிறகும் தாளின்மேல் மெல்லிய மேடாக உட்கார்ந்திருக்கும். இரும்பு மை முதலில் சாம்பல் நிறத்தில் வெளிறித் தெரியும், காற்றுப் படப் படக் கண்முன்னேயே கறுத்துக்கொண்டு போகும். மறுநாள் ஈரப் பஞ்சால் இரண்டையும் தொடுங்கள். கரி மை பஞ்சோடு வந்துவிடும், இரும்பு மை தாளுக்குள் இறங்கியிருப்பதால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

உஸ்மானிய எழுத்துக் கலைஞர்கள் பிழை வந்தால் நாக்கால் நக்கியோ ஈர விரலால் துடைத்தோ எடுப்பார்கள், ஆஹார் பூசிய தாளில் கரி மை அவ்வளவு மேலாக நிற்கும். துருக்கியில் படித்தவரைக் குறிக்க ‘மை நக்கியவர்’ என்று இன்றும் ஒரு வழக்கு இருக்கிறது. அவருக்கு அது வசதி, நமக்கு அது எச்சரிக்கை. நானூறு வருடத்துக்குப் பிறகும் அந்த மை தண்ணீருக்கு அஞ்சும். ஈரத் துணியால் துடைக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னதன் காரணம் இதுதான்.

படி 4: உங்கள் கிதாபில் இருப்பது எந்த மை?

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எழுத்து கறுகறுவென்று, கொஞ்சம் மினுமினுப்போடு, பின்பக்கம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கரி மை. பழுப்பாகி, எழுத்தைச் சுற்றி மஞ்சள் நிழல் படர்ந்து, பின்பக்கம் அதே எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறி ஊடுருவித் தெரிந்தால் இரும்பு மை. முற்றிய நிலையில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகவே விழுந்திருக்கும், எழுத்தின் வடிவத்திலேயே. தோலில் எழுதிய தொடக்க காலக் குர்ஆன்களிலும் மக்ரிபு (மொராக்கோ முதலிய வடமேற்கு ஆப்பிரிக்கா) நாட்டுப் பிரதிகளிலும் இரும்பு மை அதிகம். ஈரான், துருக்கிப் பக்கம் காகிதத்தில் கரி மைதான் விருப்பம். இரண்டையும் கலந்த மையும் உண்டு, அதைக் கண்ணால் பிரிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் அகச்சிவப்புக் கதிரில் பார்ப்பார்கள், கரி மை அதிலும் கறுப்பாக நிற்கும், இரும்பு மை மங்கி மறைந்துபோகும்.

இரும்பு மை ஏன் தாளைத் தின்கிறது? அன்னபேதியும் மாசிக்காயின் துவர்ப்பும் சேரும்போது கறுப்பு நிறத்தோடு கந்தக அமிலமும் உண்டாகிறது, அது ஒரு பக்கம் அரிக்கும். துவர்ப்போடு சேராமல் மிஞ்சிய இரும்பு இன்னொரு பக்கம் காற்றையும் ஈரத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு நாரைச் சிதைக்கும். அன்னபேதியை அளவுக்கு மேல் கொட்டிய மை சீக்கிரம் தின்னும். மிஞ்சிய இரும்பு இருக்கிறதா என்று பார்க்க பாத்தோபினாந்த்ரோலின் என்ற வேதிப்பொருள் தடவிய சோதனைத் தாள் உண்டு, லேசாக ஈரமாக்கித் தொட்டால் இளஞ்சிவப்பாக மாறும். நெதர்லாந்தில் 1990களில் உருவான கால்சியம் ஃபைட்டேட் முறை அந்த இரும்பைக் கட்டிப்போடும், ஆனால் அது தாளை நனைத்துச் செய்வது. கஞ்சி மெருகுத் தாளுக்கு அதைச் செய்யலாமா என்பதை வல்லுநர்தான் சொல்ல வேண்டும், வீட்டில் முயற்சி வேண்டவே வேண்டாம்.

படி 5: பச்சைக் கோட்டைக் கவனியுங்கள்

எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தால் அதன் நிறங்களைப் பாருங்கள். சிவப்பு சாதிலிங்கமாக இருக்கலாம், மஞ்சள் அரிதாரமாக இருக்கலாம். அரிதாரம் ஆர்சனிக் சரக்கு, தொட்ட கையை வாயில் வைக்காதீர்கள், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். இவை தாளுக்குப் பெரிய கேடு செய்வதில்லை, செய்வது பச்சை.

செம்புப் பாத்திரத்தில் புளி பட்டு நின்றால் வருமே பச்சைக் களிம்பு, அதையே வினிகர் வைத்து வளர்த்து எடுத்த ‘ஜங்கார்’ நிறம்தான் பாரசீக, இந்தியப் பிரதிகளில் கட்டம் போடப் பயன்பட்டது. செம்பு நாரைச் சுட்டுவிடும். கோடு போன பாதையெல்லாம் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், பிறகு ஒரு நாள் பக்கத்தைப் புரட்டும்போது சதுரமான எழுத்துப் பகுதி ஓரத்திலிருந்து அப்படியே கழன்று கையில் வந்துவிடும், கத்தியால் வெட்டியது போல. பழைய பாரசீகக் கலைஞர்கள் இதைக் கண்டுகொண்டு ஜங்காரில் கொஞ்சம் குங்குமப்பூ சேர்க்கச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள், குங்குமப்பூ அந்த அரிப்பைத் தணிப்பதை இன்றைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

பச்சைக் கட்டம் பழுப்பாகியிருந்தால் பக்கத்தை வளைத்துப் புரட்டாதீர்கள். அடியில் மெல்லிய அட்டையைச் செருகி, தாளையும் அட்டையையும் சேர்த்துத் தட்டையாகத் திருப்புங்கள்.

படி 6: பைண்டிங்கை மாற்றாதீர்கள்

இஸ்லாமிய உலகத்துப் பாரம்பரியக் கட்டு, அதாவது பைண்டிங், தனி இனம். முதுகு தட்டையாக இருக்கும். அட்டையும் தாளும் ஒரே அளவு, ஐரோப்பியப் புத்தகம் போல அட்டை வெளியே நீட்டிக்கொண்டு இருக்காது. பின்னட்டையிலிருந்து ஒரு மடல் வந்து தாள்களின் முன் ஓரத்தை மூடி, முன்னட்டைக்கு அடியில் போய் அடங்கும். அட்டையே பல சமயம் பழைய தாள்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. முதுகின் மேலும் கீழும் இரண்டு நிறப் பட்டு நூலால் அம்புமுனை வடிவில் பின்னிய பட்டை இருக்கும். தையல் கயிற்றைத் தாங்கி நிற்காது, ஒரு மடிப்பும் அடுத்த மடிப்பும் நூலாலேயே கோத்துக்கொண்டிருக்கும், பெரும்பாலும் இரண்டே இடத்தில்.

ஒரு பிரதியை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஒரு பைண்டரிடம் கொடுத்தார்கள், பெயர் வேண்டாம். அவர் ஓரங்களைச் சமமாக வெட்டி, ரெக்சின் அட்டை போட்டு, முதுகில் பொன் எழுத்தும் போட்டுப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் இருந்த குறிப்புகள் பாதியாக வெட்டுப்பட்டிருந்தன. கழற்றிய பழைய அட்டை எங்கே என்று கேட்டேன், குப்பையில் போய்விட்டது. அந்த அட்டைக்குள் என்ன எழுத்துகள் இருந்தன என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டு தளர்ந்திருந்தால் அகலமான பருத்தி நாடாவால் லேசாகக் கட்டி வையுங்கள், இப்போதைக்கு அது போதும்.

படி 7: தூசி எடுப்பது

உலர் தூரிகை மட்டும். மிக மெதுவான ஆட்டு முடித் தூரிகையால் நடு மடிப்பிலிருந்து வெளி ஓரத்துக்குத் தள்ளுங்கள், எழுத்தின்மேல் தேய்க்காதீர்கள். பூஞ்சை வாசம் அடித்தாலோ வெள்ளைப் பொடி படர்ந்திருந்தாலோ என்95 முகக்கவசம் இல்லாமல் தொடக்கூடாது, அதைத் தனிப் பையில் போட்டு மற்ற கிதாபுகளிலிருந்து விலக்கி வையுங்கள். ரப்பர் அழிப்பான் எழுத்துப் பகுதிக்குள் வரவே கூடாது.

இன்னொன்று. நம் ஊரில் ஓலைச்சுவடிக்கு எண்ணெய் பூசும் நல்ல பழக்கம் உண்டு, ஓலை அதனால் நெகிழ்வு பெறும். அதைப் பார்த்துப் பழகிய கை இந்தத் தாளுக்கும் எண்ணெய் பூசப் பார்க்கும். ஓலைக்கு மருந்தாக இருப்பது காகிதத்துக்கு நஞ்சு. எண்ணெய்க் கறை போகாது, காலப்போக்கில் பழுத்து இறுகிவிடும்.

படி 8: பூச்சி

பல அரபுப் பிரதிகளின் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ ‘யா கபீகஜ்’ என்று எழுதியிருக்கும். கபீகஜ் என்பது ரனன்குலஸ் இனத்து நச்சுச் செடி, பூச்சி அண்டாமல் இருக்க அதன் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் வந்து, பின்னாளில் பூச்சிகளின் அரசனான ஜின்னை அழைப்பதாகவே மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லையே பூச்சி தின்றிருக்கும் பிரதிகளும் உண்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் ‘கபீ’ மட்டும் மிஞ்சியிருக்கும்.

இராமபாணப் பூச்சி மேற்பரப்பின் கஞ்சியை மட்டும் சுரண்டித் தின்னும், அந்த இடம் தோல் உரிந்த மாதிரி மங்கலாகத் தெரியும். துளைபோடும் வண்டுப் புழு அட்டையிலிருந்து கடைசித் தாள்வரை குடைந்துகொண்டு போகும். புதிதாக மாவு போல் பொடி கொட்டினால் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் கிதாபைச் சுத்தமான தாளில் சுற்றி, பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி நன்றாக மூடி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வர விடுங்கள், அவசரப்பட்டுத் திறந்தால் தாளில் வியர்த்துவிடும். தடித்த நிறப் பூச்சு, தங்க வேலை, ஓவியம் உள்ள பிரதிக்கு இந்த முறை வேண்டாம், ஆக்சிஜனை வெளியேற்றிப் பூச்சியைக் கொல்லும் முறை வல்லுநர்களிடம் இருக்கிறது.

அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி உங்கள் நுரையீரலுக்கு நல்லதில்லை. பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும். வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைப்பதென்றால் பெட்டியின் மூலையில் வையுங்கள், தாளில் படக்கூடாது.

படி 9: கிழிசல்

நேர்மையாகச் சொல்கிறேன், இதைப் பயிற்சி இல்லாமல் செய்யாதீர்கள். ஆனால் வல்லுநர் என்ன செய்கிறார் என்று புரிந்து வைத்துக்கொண்டால் யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக்கூடாது என்று தெரியும்.

நல்லவர் ஜப்பானிய கோசோ நார்த் தாளைக் கையால் கிழித்து எடுப்பார், கத்தரிக்கோலால் வெட்ட மாட்டார், ஏனென்றால் கிழித்த ஓரத்தின் நார்கள்தான் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும். பசை கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சியது, மைதா அல்ல, மைதாவில் புரதம் சேர்ந்திருக்கும். ஈரம் பட்டால் மெருகு போகும் என்பதால், கோசோ தாளில் முன்கூட்டியே பசை பூசிக் காயவைத்து, ஒட்டும் நேரத்தில் மட்டும் சிறு ஈரம் காட்டுவார். இரும்பு மை மேல் என்றால் அதையே ஜெலட்டினில் செய்வார், ஈரத்தில் இரும்பு நகர்ந்து பக்கத்து இடத்தையும் கெடுக்காமல் இருக்க. எல்லாவற்றையும் பிறகு கழற்ற முடியும். ‘லேமினேஷன் போட்டுத் தருகிறேன், நூறு வருஷம் நிற்கும்’ என்று யாராவது சொன்னால் கிதாபை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

படி 10: வைக்கும் இடம்

2012இல் மாலி நாட்டின் திம்பக்துவில் ஆயுதக் குழுக்கள் நுழைந்தபோது அப்துல் காதர் ஹைதராவும் அவரோடு இருந்தவர்களும் லட்சக்கணக்கான பிரதிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலுமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். வந்து சேர்ந்த பிறகு புதிய ஆபத்து: பாலைவனக் காற்றில் நூற்றாண்டுகளாக உலர்ந்து கிடந்த தாள்களுக்கு பமாக்கோவின் மழைக்கால ஈரப்பதம் பழக்கமில்லை. நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதமும் அப்படித்தான், தாளுக்கு ஒத்துக்கொள்ளாது.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கும், வாங்கி அலமாரிக்குள்ளேயே வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் சிறப்பு, 65ஐத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும். நமக்கு 55 கிடைப்பது சிரமம் என்றால், 60க்குப் பக்கத்தில் ஏறி இறங்காமல் நின்றாலே நல்லது. பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது, நாள் முழுக்கப் போடாமல் இருப்பதைவிட மோசம், தாளும் மெருகும் தோலும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து சுருங்கும்.

இரண்டு மூன்று தடவை வெந்நீரில் அலசிக் கஞ்சி எடுத்த காடாத் துணியில் சுற்றி, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். அலமாரி வெளிச் சுவரோடு ஒட்டி இருக்கக்கூடாது, ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சிலிக்கா ஜெல் வைத்தால் நிறம் மாறியதும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது வெறும் மணல். படிக்கும்போது முழுக்க விரிக்காதீர்கள், குர்ஆன் வைத்து ஓதும் ரைஹால் பலகையின் கோணம்தான் இந்தக் கட்டுக்கு ஏற்றது.

படி 11: பதிவு செய்வது

கடைசிப் பக்கத்தில் எழுத்து முக்கோணமாகக் குறுகிக்கொண்டே வந்து முடிந்தால், அங்கே படியெடுத்தவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள், கிட்டத்தட்டக் கிறிஸ்தவ ஆண்டு வரும். நெதர்லாந்தின் லெய்டன் நூலகத்தில் காகிதத்தில் எழுதி நாள் குறித்த மிகப் பழைய அரபு நூல்களில் ஒன்று இருக்கிறது, ஹிஜ்ரி 252. கணக்குப் போட்டுப் பாருங்கள், 866 வரும். அபூ உபைதின் ஹதீஸ் (நபிமொழி) சொல்லகராதி அது, சமர்கந்துக் கதை நடந்ததாகச் சொல்லும் போருக்கு நூறு வருடம் சொச்சம் கழித்து எழுதியது, இன்னும் படிக்க முடிகிறது.

ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கேமராவால் படம் எடுங்கள், கண்ணாடியில் கவிழ்த்து ஸ்கேன் செய்யாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலும் வெள்ளைத் தாள் துண்டும் வையுங்கள், பிற்பாடு நிறத்தைச் சரிபார்க்க உதவும். விரித்த கிதாபில் வலப்பக்கம் முடியும் இடத்தில் அடுத்த பக்கத்தின் முதல் சொல் தனியாக எழுதியிருக்கும், தாள்கள் வரிசை மாறியிருக்கிறதா என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வரிசை மாறியிருந்தால் தாளை நகர்த்தாதீர்கள், குறிப்பில் மட்டும் எழுதுங்கள். எண் போட வேண்டுமானால் மெதுவான 2பி பென்சிலால் மேல் மூலையில், பேனாவால் அல்ல.

சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீகப் பிரதிகளும் இருக்கின்றன, பாட்னாவில் 1891இல் திறந்த குதா பக்ஷ் நூலகமும் ராம்பூரில் ரஸா நூலகமும் இந்தப் பிரதிகளுக்கென்றே பெயர்பெற்றவை. எடுத்த படங்களை முதலில் அனுப்பிக் கேளுங்கள், கிதாபைக் கூரியரில் அனுப்பாதீர்கள். பெட்டியின்மேல் இன்றைய தேதியையும் ஈரமானி காட்டும் எண்ணையும் எழுதி ஒட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே வெள்ளைத் துணியை விரித்து மறுபடி திறந்து பாருங்கள். துணியில் புதுப் பொடி உதிர்ந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.